டவுன் பஸ்ஸில் எல்லாருக்கும் கட்டணமில்லாப் பயணம் கேட்பதா, கூடுதல் நடை (டிரிப்) கேட்பதா?

மேலத்தெரு_வாசி (கேள்வி)

வணக்கம். அக்டோபர் 2 கிராம சபைக்கு எங்கள் ஊராட்சியில் பேருந்து பற்றி ஒரு தீர்மானம் தயாராகிறது. ஊர் இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கிறது.

ஒரு தரப்பு சொல்வது: டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாஸ் இருக்கிறது, மாற்றுத்திறனாளிகளுக்கும் காசு இல்லை. மிச்சம் இருப்பது ஆண்கள்தான். கட்டட வேலைக்கும் மார்க்கெட்டுக்கும் போகிற கூலிக்காரர்கள்தான் அந்த ஆண்களில் முக்கால்வாசி. அவர்களுக்கும் விட்டுவிடச் சொல்லி அரசாங்கத்தைக் கேட்போம்.

மறு தரப்பு: இலவசம் இருக்கட்டும், முதலில் வண்டி வரட்டும்.

நிலவரம் இதுதான். ஊரிலிருந்து தாலுகா டவுனுக்கு 18 கி.மீ. ஒரே அரசு டவுன் பஸ். ஒரு நாளைக்கு ஐந்து தடவை வந்து திரும்பும்: காலையில் இரண்டு, மதியம் ஒன்று, மாலையில் இரண்டு. டவுனிலிருந்து கடைசி வண்டி 7.40. அதை விட்டால் ஷேர் ஆட்டோதான். ஒரு தனியார் பஸ்ஸும் ஓடுகிறது, அதில் எல்லாருக்கும் டிக்கெட் உண்டு. மதிய நடை அடிக்கடி வராமல் போகிறது.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எல்லாருக்கும் இலவசம் என்றால் அரசுக்குக் கூடுதலாக எவ்வளவு ஆகும்? இப்படிச் செய்த ஊர்களில் என்ன நடந்தது? டிக்கெட் காசு நின்றுபோனால் நடையும் குறைந்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்களே, அதில் உண்மை இருக்கிறதா? தீர்மானத்தை யார் பேருக்கு அனுப்ப வேண்டும்?

---

நிதிக்கணக்கு

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். பெரும்பாலானவர்கள் இதைத் தவறாகத்தான் போடுகிறார்கள்.

பெண்களுக்கான திட்டம் 2021 மே மாதம், புதிய அரசு பதவியேற்ற அன்று கையெழுத்தானது. அப்போது ஆண்டுக்கு ஆகும் என்று சொன்ன தொகை ₹1,200 கோடி. 2023-24 பட்ஜெட்டில் அது ₹2,800 கோடி, 2024-25-ல் ₹3,050 கோடி, 2025-26-ல் ₹3,600 கோடி. இந்த ஏற்றத்தைப் பார்த்து "செலவு மூன்று மடங்கு ஆகிவிட்டது" என்பார்கள். அந்தத் தொகைக்குள் இரண்டு வேறு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

திட்டத்துக்கு முன் சாதாரண டவுன் பஸ்ஸில் 100 பேர் ஏறினால் சுமார் 40 பேர் பெண்கள். பிறகு அந்தப் பங்கு 60 சதவீதத்தைத் தாண்டியது. ஆண்கள் 60 பேர் அப்படியே இருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 60 இப்போது 40 சதவீதம் என்றால் மொத்தம் 150 பேர், பெண்கள் 90 பேர். ஆக, அரசுப் போக்குவரத்துக் கழகம் உண்மையில் இழந்தது பழைய 40 டிக்கெட்டின் காசு. மீதி 50 பயணம் புதியது. டிக்கெட் இருந்திருந்தால் அந்த 50 பேர் ஏறியிருக்கவே மாட்டார்கள், அல்லது ஷேர் ஆட்டோவிலோ நடந்தோ போயிருப்பார்கள். ஆனால் அரசு கழகத்துக்கு ஈடு கட்டுவது 90 பயணத்துக்கும்.

இது தப்பு என்று சொல்ல வரவில்லை. அந்த 50 பேரை ஏற்றிச் செல்லவும் செலவு இருக்கிறது. ஆனால் காலியாக ஓடும் 11 மணி வண்டியில் கூடுதலாக 20 பேர் ஏறினால் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. 8 மணி வண்டியில் 20 பேர் கூடினால் இன்னொரு வண்டி போட வேண்டும். செலவு அங்கேதான் வரும். "ஆண்களுக்கும் கொடுத்தால் எவ்வளவு" என்பதன் விடை பீக் நேரத்தில் எத்தனை ஆண்கள் கூடுவார்கள் என்பதைப் பொறுத்தது.

குத்துமதிப்பாகப் போட்டால்: பெண்களின் 60 பங்குக்கு ₹3,600 கோடி என்றால், மீதி 40 பங்குக்கு அதே விகிதத்தில் ₹2,400 கோடி. மாணவர் பாஸுக்கு அரசு ஏற்கெனவே தனியாக நிதி தருவதால் அந்தப் பங்கைக் கழித்தால் இன்னும் குறையும். புதிதாக ஏறும் ஆண்களைச் சேர்த்தால் கூடும். இது சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்கு மட்டும். எக்ஸ்பிரஸ், டீலக்ஸ், புறநகர் வண்டி எதுவும் இதில் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அரசு பஸ் கட்டணம் கடைசியாக உயர்ந்தது 2018 ஜனவரியில். அதன் பிறகு டீசலும் சம்பளமும் ஏறியிருக்கின்றன, டிக்கெட் ஏறவில்லை. காசு கொடுத்துப் போகும் ஆணும் முழுச் செலவைக் கொடுத்துப் போகவில்லை. அவருடைய பயணத்திலும் ஒரு பகுதியை ஏற்கெனவே அரசுதான் தாங்குகிறது.

---

தெற்குச்சாலை

வெளியூர் அனுபவத்தை நான் எழுதுகிறேன். எல்லாரும் "லக்சம்பர்க்கில் இலவசம்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அதனால் கொஞ்சம் விவரமாக.

லக்சம்பர்க்: 2020 பிப்ரவரி 29 முதல் நாடு முழுவதும் பஸ், டிராம், ரயில் எல்லாம் கட்டணமில்லை. ரயிலில் முதல் வகுப்புக்கு மட்டும் காசு. அங்கே ஆண்டுச் செலவு சுமார் 50 கோடி யூரோ, டிக்கெட்டில் வந்துகொண்டிருந்தது 4 கோடி சொச்சம். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதை விட்டுக்கொடுப்பது ஒரு பணக்கார நாட்டுக்குச் சிரமமே இல்லை.

பிரான்சின் டன்கெர்க்: 2018 செப்டம்பர். அங்கேயும் டிக்கெட் வருமானம் செலவில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். போக்குவரத்துக்கென்றே முதலாளிகளிடம் சம்பளத்தின் மேல் வசூலிக்கும் ஒரு வரி அந்நாட்டில் உண்டு, பெரும்பங்கு அதிலிருந்து வருகிறது. அதைவிட முக்கியமான விஷயம், அவர்கள் இலவசத்தைத் தனியாக அறிவிக்கவில்லை. அதோடு சேர்த்துத் தடங்களையே மாற்றி வரைந்து, ஐந்து முக்கியத் தடங்களில் பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி விட்டார்கள். கூட்டம் ஏறியதற்கு இலவசம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது.

எஸ்டோனியாவின் தாலின்: 2013 ஜனவரி 1. நகரில் பதிவு செய்த குடியிருப்பாளர்களுக்கு மட்டும். அங்கே பதிவு செய்கிறவர்களின் வருமான வரியில் ஒரு பங்கு நகராட்சிக்கு வரும். இலவசத்துக்காக ஆயிரக்கணக்கானோர் புதிதாகப் பதிவு செய்ததில் இழந்த டிக்கெட் காசு திரும்பி வந்தது. ஓராண்டு கழித்துச் செய்த ஆய்வில் பொதுப் போக்குவரத்துப் பயணம் 14 சதவீதம் கூடியிருந்தது. நடந்து போகும் பயணம் 40 சதவீதம் குறைந்திருந்தது. கார்ப் பயணத்தின் பங்கு 5 சதவீதம் குறைந்தாலும், கார் ஓட்டியவர்கள் முன்பைவிட அதிக தூரம் ஓட்டினார்கள்.

பெல்ஜியத்தின் ஹாசல்ட்: 1997-ல் தொடங்கியது. கூட்டம் பல மடங்கு பெருகியது. கூட்டத்துக்கு ஏற்பச் செலவும் பெருகியது. 2013-ல் நிறுத்திவிட்டார்கள்.

நம் நாட்டில்: டெல்லியில் 2019 அக்டோபர் 29 முதல் பெண்களுக்கு இளஞ்சிவப்பு டிக்கெட், ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் அரசு ₹10 ஈடு. கர்நாடகத்தில் 2023 ஜூன் 11 முதல், அந்த மாநில முகவரி உள்ள அடையாள அட்டை காட்டினால் பூஜ்ஜிய டிக்கெட். அங்கே 2025 ஜனவரியில் கட்டணத்தை 15 சதவீதம் ஏற்றினார்கள், அது ஆண்கள் தலையில்தான் விழுந்தது. தெலங்கானாவில் 2023 டிசம்பர் 9 முதல். தமிழ்நாட்டில் அட்டை எதுவும் கேட்பதில்லை. நம் திட்டத்தின் பெரிய பலம் அதுதான்.

தாலின் ஆய்வைக் காட்டி "இலவசம் கொடுத்தால் நடக்கிறவன்தான் பஸ் ஏறுவான், கார்க்காரன் இறங்க மாட்டான், ஆகவே வீண்" என்று எழுதுகிறவர்கள் இங்கே நிறைய. தாலினுக்கு அது பொருந்தலாம். நம் ஊரில் காசு மிச்சம் பிடிக்க வெயிலில் நாலு கிலோமீட்டர் நடந்து வீட்டு வேலைக்குப் போன பெண் இப்போது பஸ் ஏறுகிறாள் என்றால், திட்டம் செய்ய வந்த வேலையே அதுதான். மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வில் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரி ₹888 மிச்சம் என்று வந்தது. அந்த வருமானத்தில் இருக்கும் குடும்பத்துக்கு அது பெரிய தொகை.

---

பணிமனை_நேரக்காப்பாளர்

மூணாவது கேள்விக்கு வர்றேன். நடை குறையுமா? குறையலாம். ஆனா காரணம் இலவசம் இல்லை. ஈட்டுத் தொகையை எந்த அலகுல கணக்குப் போடுறாங்க என்பதுதான் காரணம்.

உங்க ஊர் தடத்தையே எடுத்துக்குவோம். ஒரு சிங்கிள் (ஒரு பக்க ஓட்டம்) 18 கி.மீ. தலைக்கு சராசரி ₹10 வருதுன்னு வச்சுக்குங்க, அது பயணி கையிலிருந்து வந்தாலும் சரி, அரசு ஈடா கொடுத்தாலும் சரி.

காலை 8 மணி சிங்கிள்: 72 பேர். ₹720. கிலோமீட்டருக்கு ₹40.
மதியம் 1 மணி சிங்கிள்: 18 பேர். ₹180. கிலோமீட்டருக்கு ₹10.

வண்டி லிட்டருக்கு ஐந்தரை கி.மீ. கொடுக்குதுன்னு வச்சாலும் 18 கி.மீட்டருக்கு மூணேகால் லிட்டர் டீசல், சுமார் ₹300. மதிய சிங்கிள் டீசல் காசுக்கே காணாது. சம்பளம், டயர், உதிரி பாகம் எல்லாம் அப்புறம். ஒரு நாள் கண்டக்டர் வரலை, அல்லது வேற தடத்து வண்டி பிரேக்டவுன் ஆயிடுச்சுன்னா, எந்த நடையைத் தூக்குவாங்க? உங்க மதிய நடையைத்தான். டிக்கெட் காசு இருந்த காலத்துலயும் அதைத்தான் தூக்கினாங்க. தலைக்கு இவ்வளவுன்னு ஈடு கொடுக்கிற வரைக்கும் நெருக்கியடிச்சு ஓடுற வண்டிதான் நல்ல வண்டி, காலியா ஓடுறது கெட்ட வண்டி. எல்லாருக்கும் இலவசம் ஆக்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

அப்படின்னா கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு கொடுத்துட்டா சரியாயிடுமான்னா, அதுல வேற கோளாறு வரும். ஓடின தூரத்துக்குக் காசுன்னா யாரையும் ஏத்தணும்னு அவசியம் இல்லை. பெண்கள் மட்டும் நிற்கிற ஸ்டாப்ல நிறுத்தாம நாற்பது அடி தள்ளிப் போய் நிறுத்துறாங்கன்னு இப்பவே புகார் வருது. வசூல் கணக்குல சேராத பயணியை ஏத்துனா நேரம்தான் போகுதுங்கிற நினைப்பு அது. டிரைவர், கண்டக்டருக்கு வசூல் அடிப்படையில பேட்டா (சம்பளத்துக்கு மேல கிடைக்கிற படி) உண்டு. காசில்லா டிக்கெட்டையும் பேட்டா கணக்குல சேர்க்கலைன்னா அவங்க கைக்கு நஷ்டம். வண்டியை எங்கே நிறுத்துறாங்கங்கிறதுல அது தெரியும்.

நடைமுறையில சரியா வரக்கூடியது கலப்பு முறை. அடிப்படைத் தொகை அட்டவணைப்படி ஓடின கிலோமீட்டருக்கு, அதுக்கு மேல ஏறின தலைக்கு ஒரு சின்னத் தொகை, ரத்தான ஒவ்வொரு நடைக்கும் பிடித்தம். சென்னையில 2025 ஜூன் கடைசியில வியாசர்பாடி பணிமனையிலிருந்து விட்ட மின்சார வண்டிகளுக்கு ஒப்பந்தக்காரருக்குக் கிலோமீட்டர் கணக்குலதான் காசு. டிரைவர் ஒப்பந்தக்காரர் ஆள், கண்டக்டர் கழகத்து ஆள். அந்த ஒப்பந்தத்தைக் கிலோமீட்டருக்குன்னு போட முடிஞ்சா, அரசு தன் கழகத்துக்குக் கொடுக்கிற ஈட்டையும் அப்படிப் போட முடியும்.

---

வெள்ளைபோர்டு

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். இலவசம் எல்லா வண்டியிலும் இல்லை, "சாதாரணக் கட்டண" வண்டியில் மட்டும். ஒரே தடத்தில் டீலக்ஸ் போர்டு வைத்தால் இலவசம் கிடையாது, வெள்ளை போர்டு வைத்தால் உண்டு. வண்டி ஒன்றுதான், போர்டு மாறினால் வருமானம் மாறும். சென்னையில் ஸ்டாப்பில் நின்று பார்த்தால் இது கண்ணில் படும்: அதே நம்பரில் டீலக்ஸ் வண்டி முதலில் வரும், பெண்கள் ஏறாமல் விட்டுவிட்டுப் பின்னால் வரும் வண்டிக்கு எட்டிப் பார்ப்பார்கள். முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு அடித்து 2022 ஆகஸ்டில் வண்டி விட்டதே தூரத்திலிருந்து அடையாளம் தெரிவதற்குத்தான்.

"டவுன் பஸ்" என்ற வரையறையிலும் சிக்கல் உண்டு. மலைப் பகுதியில் ஓடியதெல்லாம் புறநகர் வண்டிக் கணக்கில் இருந்ததால் அங்கே பெண்களுக்கு முதல் மூன்று ஆண்டு ஒன்றுமே கிடைக்கவில்லை. 2024-ல்தான் சேர்த்தார்கள். உங்கள் ஊர் வண்டி எந்தக் கணக்கில் ஓடுகிறது, போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். "எல்லாருக்கும் இலவசம்" என்று தீர்மானம் போட்டு, பிறகு வண்டியை வேறு வகையாக மாற்றிவிட்டால் இருப்பதும் போகும். தீர்மானத்தில் "இத்தடத்தில் தற்போது ஓடும் சாதாரணக் கட்டண நடைகள் எதையும் வேறு வகைக்கு மாற்றாமல்" என்ற சொற்றொடர் கட்டாயம் வேண்டும்.

---

ஏரிக்கரை

"முதலில் வண்டி, பிறகு இலவசம்" என்று பேசுகிற தரப்போடு எனக்கு உடன்பாடு இல்லை. அதை இப்படி ஒன்றுக்கு எதிராக இன்னொன்றாக நிறுத்தியதே தவறு.

பாதிப் பேருக்கு இலவசம், பாதிப் பேருக்குக் காசு என்று ஒரே வண்டிக்குள் பிரித்து வைத்திருப்பதன் விலையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கண்டக்டர் எல்லாரிடமும் போக வேண்டும், பெண்களுக்கும் டிக்கெட் கிழிக்க வேண்டும், ஆண்களிடம் காசு வாங்கிச் சில்லறை கொடுக்க வேண்டும். அடுத்த ஸ்டேஜ் (கட்டணம் மாறும் நிறுத்தம்) வருவதற்குள் முடியவில்லை என்றால் வண்டியை ஓரம் கட்டி டிக்கெட் போட்டு முடித்துவிட்டுத்தான் எடுப்பார்கள். 18 கி.மீ. தடத்தில் நாலு ஸ்டேஜில் ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடம் நின்றால் எட்டு நிமிடம் போகிறது. எல்லாருக்கும் காசு இல்லை என்றால் இரண்டு வாசலிலும் ஏறி இறங்கலாம், ஓரம் கட்ட வேண்டாம். மிச்சமாகும் நேரம் நாள் முழுக்கச் சேர்ந்தால் அரை நடை, ஒரு நடை அளவுக்கு வரும்.

பெண்களைப் பார்த்து முகம் சுளிப்பது, கண்ட பேச்சு பேசுவது, இடம் கேட்டால் "காசா கொடுத்தீங்க" என்பது, இதெல்லாம் வண்டிக்குள் இரண்டு வகைப் பயணி இருப்பதால் வருவது. அரசுப் பள்ளியில் யாரும் யாரையும் அப்படிக் கேட்பதில்லை, எல்லாருக்கும் ஒரே முறை என்பதால்.

---

நிதிக்கணக்கு

ஏரிக்கரை சொல்லும் நேர மிச்சம் சரி. ஆனால் டிக்கெட்டையே நிறுத்திவிட்டால் இன்னொரு பிரச்சினை முளைக்கும். யார் எங்கே ஏறி எங்கே இறங்கினார்கள் என்ற கணக்கு போய்விடும். இன்று காசில்லா டிக்கெட் மெஷினில் பதிவாவதால்தான் எத்தனை பெண்கள் எந்த நடையில் போனார்கள் என்று தெரிகிறது. அந்தக் கணக்கில்லாமல் நிதித் துறையிடம் "இந்தத் தடத்துக்கு இன்னொரு வண்டி கொடுங்கள்" என்று கேட்கவே முடியாது. விபத்து நேர்ந்தால் பயணி என்று காட்டவும் கையில் இருக்கும் சீட்டுதான் உதவுகிறது.

காசில்லா டிக்கெட்டிலும் பிழை உண்டு. நெரிசலில் கண்டக்டர் பத்து பேரை விட்டுவிடுவார். வேறொரு நாள் ஸ்டேஜ் முடியும்போது மொத்தமாக இருபது டிக்கெட் அடித்துவிடுவார். முதலாவதில் கூட்டம் குறைத்துக் காட்டப்படும், இரண்டாவதில் அரசு காசு வீணாகும். சோதனைக்காரர் வண்டியில் ஏறி, மெஷினில் காட்டும் எண்ணிக்கையையும் தலைகளையும் ஒத்துப்பார்ப்பதுதான் இப்போதைக்கு வழி.

---

மேலத்தெரு_வாசி

எல்லாருக்கும் நன்றி. ஒன்று புரிகிறது: இலவசம் வேண்டுமா என்பதோடு, அரசு எப்படி ஈடு கட்டுகிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இரண்டு சந்தேகம். எங்கள் ஊருக்குக் கூடுதல் நடை கேட்டால் "வண்டி இல்லை, ஆள் இல்லை" என்று பதில் வரும். அதற்கு மேல் எப்படிப் பேசுவது? தனியார் பஸ்காரர் "எல்லாருக்கும் இலவசம் ஆனால் நான் வண்டியை நிறுத்திவிடுவேன்" என்கிறார். அது நடந்தால் ஊருக்கு இருக்கிற வண்டியிலும் ஒன்று குறையும்.

---

பணிமனை_நேரக்காப்பாளர்

"வண்டி இல்லை" என்பதை அப்படியே ஏத்துக்காதீங்க. எந்த நேரத்துல இல்லைன்னு கேளுங்க.

18 கி.மீட்டருக்கு ஓட்டம் 50 நிமிஷம், முனையில 10 நிமிஷம் நிறுத்தம். போய்வர 120 நிமிஷம். ஒரே வண்டி காலை 6-லிருந்து இரவு 8 வரை உங்க தடத்துலயே ஓடினா ஏழு தடவை போய்வரலாம். உங்களுக்கு ஐந்துதான் வருது. அப்ப மீதி நேரம் அந்த வண்டி வேற தடத்துல இருக்கும், அல்லது பஸ் ஸ்டாண்டுல நிற்கும். அந்த வண்டியோட முழு நாள் அட்டவணையைக் கேட்டு வாங்குங்க. 10.30-க்கும் 1 மணிக்கும் நடுவுல வண்டி நின்னுச்சுன்னா, ஒரு நடை கூட்ட புது வண்டியே வேண்டாம், டீசலும் கொஞ்சம் ஓவர்டைமும் போதும். காலை எட்டு மணிக்கு இன்னொண்ணு கேட்டீங்கன்னா அது நிஜமாவே புது வண்டி. எல்லா ஊருக்கும் அதே நேரத்துல வேணும். புது வண்டின்னா இரண்டு ஷிஃப்ட், வாரத்துக்கு 14 டியூட்டி, ஒரு ஆள் ஆறு டியூட்டி பார்ப்பார், லீவுக்கும் சேர்த்தா இரண்டரை டிரைவர், அதே அளவு கண்டக்டர். அதனால பீக் இல்லாத நேரத்து நடையை முதல்ல கேளுங்க, கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கடைசி வண்டி 7.40-ங்கிறதுக்குத் தீர்வு ஹால்ட் பஸ். இரவு 9 மணிக்கு டவுன்ல எடுத்து உங்க ஊர்ல வந்து தங்கி, காலை 5.30-க்கு அங்கிருந்தே முதல் நடை. பணிமனைக்குக் காலியா திரும்புற 18 கி.மீ. மிச்சம், காலையில காலியா வர்ற 18 கி.மீட்டரும் மிச்சம். ஆனா ஊழியர் தங்கணும். ஃபேன், கட்டில் இரண்டு, கழிப்பறை, தண்ணி இருக்கிற ஒரு அறையை ஊராட்சி கொடுத்தா பாதி எதிர்ப்பு அங்கேயே போயிடும். சமுதாயக் கூடத்துத் திண்ணைல படுங்கன்னு சொன்னா ஒரு மாசத்துல ஹால்ட் நின்னுடும்.

ஊர் முனையில வண்டி திரும்ப இடம் இருக்கான்னும் பாருங்க. ரிவர்ஸ் எடுக்க வேண்டிய இடம்னா இரவுல ஓட்டுநர்கள் ஒத்துக்க மாட்டாங்க. தாழ்வான மின்கம்பி, சாலையில சாய்ஞ்ச மரக்கிளை, வடிகால் மேல உடைஞ்ச சிலாப், இதையெல்லாம் மனு கொடுக்கும் முன்னாடியே சரி பண்ணிடுங்க. தட ஆய்வுக்கு வர்றவர் முதல்ல குறிக்கிறது இதைத்தான்.

---

வெள்ளைபோர்டு

தனியார் பஸ் பற்றி: அவர் பயம் நியாயமானது. அவருக்கு அரசு ஈடு எதுவும் தருவதில்லை. 2021-க்குப் பிறகு அரசு வண்டிக்கு முன்னால் ஓடும் தனியார் டவுன் பஸ்களில் பெண் பயணிகள் குறைந்துவிட்டார்கள் என்பது அந்த உரிமையாளர்கள் தொடர்ந்து சொல்லும் குறை. அரசு வண்டி அடிக்கடி வரும் ஊரில் தனியார் வண்டி போனால் பாதிப்பு குறைவு. உங்கள் ஊர் போல ஐந்து நடை உள்ள இடத்தில் அது பெரிய இழப்பு. ஆகவே எல்லாருக்கும் இலவசம் கேட்பதற்கு முன் அரசு நடைகள் கூடியிருக்க வேண்டும், அல்லது தனியார் வண்டிக்கும் கிலோமீட்டர் அடிப்படையில் காசு கொடுத்து அதிலும் இலவசம் என்று கேட்க வேண்டும். இரண்டாவது கடினம், கேட்கக் கூடாதது இல்லை.

---

தெற்குச்சாலை

யாருக்கு அனுப்புவது என்ற கடைசிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

இரண்டு கோரிக்கையையும் ஒரே தீர்மானத்தில் கலக்காதீர்கள். கட்டணத்தை நிர்ணயிப்பது மாநில அரசு, மோட்டார் வாகனச் சட்டம் 67-வது பிரிவின் கீழ். அந்தக் கோரிக்கை சென்னைக்கு, போக்குவரத்துத் துறைச் செயலாளர் பேருக்குப் போக வேண்டும். நடை, நேரம், ஹால்ட் எல்லாம் உங்கள் மண்டலப் பொது மேலாளர் பேருக்கு, நகல் கிளை மேலாளருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும். கலந்து எழுதினால் மண்டல அலுவலகம் "இது அரசின் கொள்கை முடிவு" என்று ஒரே வரியில் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடும். கிராம சபைத் தீர்மானம் கழகத்தைக் கட்டுப்படுத்தாது என்பதால், கையில் ஆதாரம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் அதன் கனம்.

ஆதாரத்துக்கு இரண்டு வேலை செய்யுங்கள்.

ஒன்று, தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு. ₹10 நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மண்டல அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு. 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் வண்டி வரவில்லை" என்று கேட்காதீர்கள், "ஏன்" என்ற கேள்விக்குப் பதில் தரத் தேவையில்லை என்று தள்ளிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: குறிப்பிட்ட தட எண்ணின் அங்கீகரிக்கப்பட்ட நேர அட்டவணை, அந்த வண்டியின் முழு நாள் அட்டவணை, கடந்த மூன்று மாதத்தில் ரத்தான நடைகளின் தேதி, நேரம், பதிவேட்டில் எழுதிய காரணம், அதே காலத்தில் நடைவாரியாகக் கொடுத்த கட்டண டிக்கெட், மகளிர் காசில்லா டிக்கெட், மாற்றுத்திறனாளி டிக்கெட் எண்ணிக்கை, அந்தத் தடத்துக்குக் கணக்கிட்ட கிலோமீட்டர் வருவாயும் கிலோமீட்டர் செலவும்.

இரண்டு, நீங்களே எண்ணுங்கள். ஒரு வாசலுக்கு ஒருவர், ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறியவர் இறங்கியவர் எண்ணிக்கையை ஆண், பெண், சீருடைப் பிள்ளைகள் என்று மூன்று கட்டமாகக் குறிக்க வேண்டும். செவ்வாய், புதன், சந்தை நாள் என மூன்று நாள் போதும். திங்களும் வெள்ளியும் வேண்டாம், கூட்டம் இயல்பாக இருக்காது. ஏறியவரைக் கூட்டி இறங்கியவரைக் கழித்துக்கொண்டே போனால் எந்த நிறுத்தத்தில் வண்டி அதிகபட்சம் நிரம்புகிறது என்று தெரியும். அந்த எண் இருக்கையைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டினால் அதை முதல் வரியில் எழுதுங்கள். ஏற முடியாமல் நின்றுவிட்டவர்கள், ஸ்டாப்பிலிருந்து ஷேர் ஆட்டோவில் போனவர்கள் எண்ணிக்கையையும் தனியாகக் குறியுங்கள். மெஷின் கணக்கில் அவர்கள் வரவே மாட்டார்கள்.

---

ஏரிக்கரை

சென்னைக்குப் போகும் தீர்மானத்துக்கு இப்படி ஒரு வாசகம் வைக்கலாம், திருத்திக்கொள்ளுங்கள்:

"சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் அனைவருக்கும் கட்டணமில்லாப் பயணம் வழங்க வேண்டும் என்றும், அதற்காகப் போக்குவரத்துக் கழகங்களுக்கு வழங்கும் ஈட்டுத் தொகையை, பயணிகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு கணக்கிடாமல், அட்டவணைப்படி இயக்கிய கிலோமீட்டரை அடிப்படையாகக் கொண்டு கணக்கிட வேண்டும் என்றும், இயக்கப்படாத நடைகளுக்கு அத்தொகையில் பிடித்தம் செய்ய வேண்டும் என்றும், கட்டணமில்லாச் சீட்டுகளை ஓட்டுநர் நடத்துநர் பேட்டா கணக்கில் சேர்க்க வேண்டும் என்றும் இக்கிராம சபை கேட்டுக்கொள்கிறது."

காய்கறிக் கூடை, மீன் கூடைக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்பதையும் ஒரு வரி சேருங்கள். ஆளுக்கு இலவசம், கூடைக்குக் காசு என்றால் சந்தைக்குப் போகிறவர்களுக்குப் பாதிப் பலன்தான்.

---

பணிமனை_நேரக்காப்பாளர்

வாசகம் சரியா இருக்கு. "அட்டவணைப்படி இயக்கிய" என்பதுக்குப் பக்கத்துல "ஜி.பி.எஸ். பதிவின்படி, எல்லா நிறுத்தங்களிலும் நின்று" என்று சேருங்க. இல்லைன்னா கிலோமீட்டர் ஓடும், ஸ்டாப்ல நிற்காது.

மண்டலத்துக்குப் போற மனுவுல ஹால்ட் பஸ்ஸை முதல் கோரிக்கையா வைங்க, 11 மணி நடையை இரண்டாவதா. தங்கும் அறையோட போட்டோவையும், வண்டி திரும்புற இடத்தோட அளவையும் இணைச்சு அனுப்புங்க. 12 மீட்டர் வண்டி ரிவர்ஸ் எடுக்காம திரும்ப சுமார் 24 மீட்டர் அகலம் வேணும்.